இரவுத் தோட்டமும் ஆறு விளக்குகளும்

(ஆஸ்பத்திரி நண்பர்கள் நாள் கூட்டத்தில் எங்கள் ஆஸ்பத்திரிச் சாப்ளின் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் இந்த நாளில் உங்கள் காணிக்கைகள் எவ்விதம் செலவாயின என்று கணக்கு ஒப்புவிப்பது எங்கள் வழக்கம். அச்சிட்ட கணக்கு உங்கள் கையில் இருக்கிறது. அதில் "வலி தணிப்பு வார்டு: தோட்டமும் விளக்குகளும்" என்று ஒரு வரி இருப்பதைக் கண்டிருப்பீர்கள். மருந்து வாங்க வேண்டிய ஆஸ்பத்திரி தோட்டத்துக்கு விளக்கு வாங்குவானேன் என்று உங்களில் சிலர் நினைத்திருக்கலாம். நினைத்தவர்கள்மேல் எங்களுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. உங்களுக்கு முன்னே அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் நாங்கள்தான். கேள்வியைச் சுமந்துகொண்டே ஒரு தோட்டத்துக்குப் போனோம். அங்கே நடந்ததை மறைக்காமல் சொல்லுவது உங்களுக்கு நாங்கள் செலுத்த வேண்டிய கடன்.

2023-ஆம் ஆண்டு டிசம்பரில், லண்டனிலுள்ள ஒரு தமிழ்ச் சபையார் தங்கள் செலவிலேயே எங்களை அழைத்திருந்தார்கள். சாப்ளின், நர்சிங் சூப்பரின்டென்டென்ட், பொருளாளர் என்று மூன்று பேர் போனோம். ஆஸ்பத்திரியின் பணத்தில் ஒரு காசும் இதற்குச் செலவாகவில்லை. ஆனால் எங்கள் பையில் ஒரு கடிதம் இருந்தது. அதைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

எங்கள் நர்சிங் பள்ளியில் படித்த ஒரு சகோதரி 1970-களில் இங்கிலாந்துக்குப் போனார். முப்பது ஆண்டுகள் அங்கே பச்சிளங் குழந்தைகள் வார்டுகளில் வேலை செய்து ஓய்வு பெற்றார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தவறாமல் காணிக்கை அனுப்புவார். கணவர் இறந்த பிறகு ஒருமுறை பெருந்தொகை ஒன்றை அனுப்பி, அதற்கு ஒரு நிபந்தனையும் எழுதியிருந்தார். வலி தணிப்பு வார்டின் ஜன்னல்களுக்கு வெளியே ஒரு சிறு தோட்டம் அமைக்க வேண்டும். அதில் இராமுழுதும் விளக்கு எரிய வேண்டும்.

அந்த நாட்களில் எங்களுக்கு வேறொரு பெருந்தேவை இருந்தது. குழந்தைகள் வார்டில் மஞ்சள் காமாலைக்கு வைக்கும் நீல விளக்கு ஒன்று பழுதாகிப்போயிற்று. மிஞ்சின ஒரே விளக்கின் கீழே சில நாட்களில் இரண்டு பிள்ளைகளைச் சேர்த்துக் கிடத்த வேண்டியதாயிற்று. இப்படியிருக்க, தோட்டத்துக்கு விளக்கா? கமிட்டி கூடிப் பேசி, இந்தத் தொகையை நீல விளக்குக்குத் திருப்பிக்கொள்ள அந்த அம்மாளின் சம்மதம் கேட்பதென்று தீர்மானித்தது. ஒன்றுக்கென்று கொடுத்த காணிக்கையைக் கொடுத்தவர் சொல்லாமல் வேறொன்றுக்கு மாற்றலாகாது என்பது எங்கள் முன்னோர் வைத்த சட்டம். ஆகவே சம்மதக் கடிதத்தைத் தட்டச்சு செய்து எடுத்துப் போனோம். அதில் அவர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேச்சைத் தொடங்குமுன் அவர் முந்திக்கொண்டார். "பேச்செல்லாம் அப்புறம் பேசலாம், ஐயா. இன்னைக்கு ராத்திரி உங்களுக்கு ஒரு தோட்டத்தைக் காட்டணும். டிக்கெட் வாங்கியாச்சு" என்றார்.

அவருக்கு வயது எழுபத்தெட்டு. கண்ணில் நடுப்பார்வை மங்கிப்போயிருந்தது. எதிரே நிற்பவர் முகம் தெரியாது. ஓரங்களில் நிறமும் வெளிச்சமும் மட்டும் தெரியும். அதிக தூரம் நடக்கவும் முடியாது. அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு நாங்கள் போன இடம் கியூ தாவரவியல் தோட்டம்.

1759-இல் தொடங்கிய தோட்டம் அது. 2003-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2013 முதல் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலத்திலும் இருட்டின பிறகு அங்கே விளக்குக் கண்காட்சி நடக்கிறது. ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நடைபாதை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு விளக்குகள் என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள். டிசம்பரில் லண்டனில் மாலை நாலு மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். நாங்கள் போனபோது நல்ல இருட்டு, குளிர், லேசான தூறல். அருகிலிருக்கும் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்கள் தலைக்குமேலே தாழ்வாய்ப் போய்க்கொண்டிருந்தன.

டிக்கெட் ஒருவருக்கு இருபது பவுண்டுக்கு மேல். வாசலைத் தாண்டுமுன்பே எங்கள் பொருளாளர் மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டார். ஒருவருக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல், நாலு பேருக்கு எட்டாயிரத்துக்கு மேல். நம் வார்டில் எத்தனை நாள் மருந்துச் செலவு! அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. மற்ற இருவரும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம்.

உள்ளே போனபோது முதலில் எங்களை நிறுத்தினது அலங்காரமல்ல, மரங்கள்தான். இலையுதிர்ந்த பெரிய மரங்களின் அடியில் விளக்குகளை மறைத்து வைத்து, வெளிச்சத்தை மேல்நோக்கி அடித்திருந்தார்கள். அடிமரத்துப் பட்டையின் ஒவ்வொரு வெடிப்பும் தெரிந்தது. மேலே போகப் போகக் கிளைகள் மெலிந்து, கடைசிக் குச்சி வரைக்கும் வெளிச்சம் ஏறி, அதற்குமேல் இருட்டில் மறைந்தது. பகலில் அந்த மரத்தை யாரும் பத்து விநாடி நின்று பார்த்திருக்கமாட்டார்கள். இந்தக் கலையைச் செய்தவர்கள் மரத்தோடு எதையும் கூட்டவில்லை. எதைப் பார்க்க வேண்டுமோ அதன்மேல் வெளிச்சத்தை வைத்தார்கள். மற்ற வேலையை இருட்டு செய்தது.

பிறகு வளைவு வளைவாய் விளக்குகள் கோத்த நீண்ட கூடாரம் ஒன்று வந்தது. பழைய பேராலயங்களின் வளைவுகளைப் போல உச்சியில் கூராய்ச் சேரும்படி அமைத்து, கதீட்ரல் என்றே அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். மதத்தைப் பற்றி நினையாத ஜனங்களும் அதற்குள் நுழைந்ததும் குரலைத் தாழ்த்தினார்கள். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். நாற்காலியிலிருந்த அம்மாளும் அண்ணாந்து பார்த்தார். "எனக்கு இலை தெரியாது, பூ தெரியாது. ஆனா இது தெரியுது" என்றார். அவர் எதற்காக எங்களைப் பகலில் அழைத்து வராமல் இரவில் அழைத்து வந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

ஓரிடத்தில் மரங்களெல்லாம் நீலமாய் நின்றன. எங்கள் முகங்களும் நீலமாயின. நர்சிங் சூப்பரின்டென்டென்ட் தம்மையறியாமல், "அக்கா, நம்ம குழந்தைங்க வார்டு மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டார். அம்மாள் சிரித்தார். "அந்த நீல விளக்கு எப்படி வந்தது தெரியுமா?" என்று கேட்டு, எசெக்ஸ் பகுதியில் தாம் வேலை செய்த நாட்களில் மூத்த நர்சுகள் சொல்லக் கேட்ட கதையைச் சொன்னார்.

1950-களில் எசெக்ஸிலுள்ள ராச்ஃபோர்ட் ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்தவர் சிஸ்டர் வார்டு. வெயில் நன்றாய் அடிக்கும் நாட்களில் குழந்தைகளைப் புழுக்கமான அறையிலிருந்து ஆஸ்பத்திரி முற்றத்துக்குக் கொண்டுபோவார். நல்ல காற்றும் சூரிய வெளிச்சமும் பிள்ளைகளுக்கு ஆகும் என்பது அவர் நம்பிக்கை. ஒருநாள் ஒரு குழந்தையை டாக்டர்களிடம் காட்டினார். காமாலை கண்ட அந்தப் பிள்ளையின் உடம்பு முழுதும் மஞ்சள் வெளுத்திருந்தது. ஓரிடத்தில் மட்டும் முக்கோணமாய் மஞ்சள் நின்றது. துணியின் மூலை மூடி, வெயில் படாமலிருந்த இடம் அது. அந்தத் தடயத்தைப் பிடித்து டாக்டர் கிரெமரும் உடன்வேலையாட்களும் ஆராய்ந்து, 1958-இல் லான்செட் பத்திரிகையில் வெளியிட்டார்கள். நீல வெளிச்சம் தோலின்மேல் படும்போது, காமாலையை உண்டாக்கும் பிலிருபின் என்ற பொருள் உடம்பு எளிதில் வெளியேற்றத்தக்க வேறு வடிவத்துக்கு மாறுகிறது. இன்று உலகமெங்கும் பச்சிளங் குழந்தைகளின் மூளையைக் காக்கிற சிகிச்சை, பிள்ளைகளை வெயிலுக்கு எடுத்துப்போன ஒரு நர்சின் அன்பிலிருந்து தொடங்கினது.

கதையைக் கேட்டு நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கடிதத்தை எடுக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? அவரே நீல விளக்கைப் பற்றிப் பேசிவிட்டார். ஆனால் தூறல் வலுத்தது. பையைத் திறக்க மனம் வராமல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம்.

1844-க்கும் 1848-க்கும் இடையே இரும்பாலும் கண்ணாடியாலும் கட்டின பனை மாளிகைக்கு வந்து சேர்ந்தோம். இசைக்கு ஏற்றபடி அந்தக் கண்ணாடியின்மேல் வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. முன்னாலிருக்கும் குளத்திலும் அதே மாளிகை தலைகீழாய் எரிந்தது. அங்கே நின்றபோது பொருளாளர் அடக்கிவைத்திருந்ததைக் கேட்டுவிட்டார்: "இவ்வளவு பெரிய தோட்டத்தால் ஏழைகளுக்கு எப்போதாவது பிரயோஜனம் உண்டா?"

உண்டு என்று நாங்களே அவருக்கு எடுத்துச் சொன்னோம். மலேரியாக் காய்ச்சலுக்கு நெடுங்காலம் இருந்த ஒரே நல்ல மருந்து கொய்னா. அது சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பது. தென் அமெரிக்க மலைகளில் வளர்ந்த அந்த மரத்தை இந்தியாவுக்குக் கொண்டுவரும் முயற்சியில் கியூ தோட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1861-இல் சின்கோனாக் கன்றுகள் நம்முடைய நீலகிரிக்கு வந்து சேர்ந்தன. அவற்றைத் தொட்டபெட்டாவில் வளர்த்தவர் மெக்ஐவர் என்பவர். ஊட்டித் தாவரவியல் பூங்காவை உருவாக்கினவரும் அவரே. அவர் பயிற்சி பெற்றதும் இதே கியூவில்தான். அரசாங்கம் தன் சேனைகளுக்காகவும் ஆட்சிக்காகவும் செய்த காரியம் அது என்பது மெய். என்றாலும் அந்தப் பட்டையால் பிழைத்தவர்கள் அநேகர்.

"அப்படியானால் சரி" என்றார் பொருளாளர், பாரம் இறங்கினவர்போல.

நாற்காலியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. "காய்ச்சலுக்கு மருந்து கொடுத்ததாலதான் தோட்டத்தை மன்னிக்கிறீங்களா, தம்பி?" என்றார் அம்மாள்.

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. சிஸ்டர் வார்டு பிள்ளைகளை வெயிலுக்குக் கொண்டுபோனது மருந்து கண்டுபிடிக்க அல்லவே. கண்டுபிடிப்பு ஒன்றும் வராமற்போயிருந்தால் அவர் செய்தது வீணாகிவிடுமா? அழகுக்கும் அன்புக்கும் பிரயோஜனச் சான்றிதழ் கேட்டு, அது கிடைத்தால்தான் உள்ளே விடுவோம் என்கிற வாயிற்காவலரைப்போல நாங்கள் நின்றிருந்தோம்.

வெளியேறும் வழியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். இனியும் மறைப்பது நேர்மையல்ல என்று கடிதத்தை எடுத்து, அவர் கேட்க வாசித்தோம். அவர் கோபிக்கவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார்:

"அவர் ஆஸ்பத்திரியில கடைசியா பதினோரு ராத்திரி கிடந்தார், ஐயா. ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துற இடம். ஒரே ஒரு விளக்குக் கம்பம், அதுக்குக் கீழே ஒரு மரம். வேற ஒண்ணும் இல்லை. இருட்டுல மழை பெஞ்சா தெரியாது. ஆனா அந்த விளக்கு வெளிச்சத்துல மட்டும் மழை இழை இழையா இறங்குறது தெரியும். 'மழை பெய்யுது பாரு'ம்பார். பதினோரு ராத்திரியும் அதைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தார். வலி குறைஞ்சதுன்னு சொல்லலை. ஆனா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கலை."

எங்களில் யாரும் பேசவில்லை. அவரே தொடர்ந்தார்: "கையெழுத்துப் போடச் சொன்னா போடுறேன். கொடுத்ததைத் திரும்பக் கேக்க மாட்டேன். முப்பது வருஷம் அந்த நீல விளக்கு பக்கத்துல நின்னவ நான். அதோட அருமை எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. பச்சைப் பிள்ளைக்கு விளக்கு வேணும்னு கேட்டா எந்தச் சபையும் கொடுக்கும். சாகக் கிடக்கிறவனுக்கு விளக்கு வேணும்னு கேட்டா யார் கொடுப்பா?"

கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டோம். இன்றுவரைக்கும் அதில் கையெழுத்து இல்லை.

திரும்பி வரும்போது ரயிலில் பொருளாளர் மெதுவாய்ச் சொன்னார்: "பெத்தானியாவில் இந்தக் கேள்வியை முதலில் கேட்டவன் யார் என்று நினைவு வந்தது. அவனிடத்திலும் பணப்பை இருந்தது." பரிமளதைலத்தை ஆண்டவருடைய பாதத்தில் ஊற்றினபோது, முந்நூறு பணத்துக்கு விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டவன் யூதாஸ். அன்பானவர்களே, அவன் உள்ளம் பொய்யாயிருந்தது. ஆனால் அந்தக் கேள்வி தன்னிலே தவறானதல்ல. ஏழைகளின் பணத்தைக் கையாளுகிற எவரும் அதைத் தினமும் கேட்கத்தான் வேண்டும். ஆண்டவரும் தரித்திரரை மறக்கச் சொல்லவில்லை. சாவை நோக்கிப் போகிற ஒருவருக்கு அன்பாய்ச் செய்ததை வீண் என்று எழுதாதேயுங்கள் என்று மாத்திரம் கற்பித்தார். அந்தத் தைலம் அவருடைய அடக்கத்துக்கு முன்னடையாளமாய் ஊற்றப்பட்டது என்பதை நாம் அடிக்கடி மறந்துபோகிறோம்.

ஏதேன் தோட்டத்தைப் பற்றி வேதம் சொல்லுகிற வரிசையையும் கவனியுங்கள். தேவன் முளைப்பித்த மரங்கள் பார்வைக்கு அழகாயிருந்ததை முதலிலும், உணவுக்கு நன்றாயிருந்ததை அடுத்தும் ஆதியாகமம் கூறுகிறது. நாங்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள்; இந்த வரிசையை எப்போதும் மாற்றியே வாசிக்கிறவர்கள். மாற்றாமல் வாசிக்க எங்களுக்கு ஒரு விளக்குக் கண்காட்சி தேவைப்பட்டது.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாய்ச் சொல்லுகிறோம். சென்ற நண்பர்கள் நாளில் நீல விளக்குக்காக உங்களிடம் கேட்டோம். இரண்டு சபைகள் முன்வந்தன. மூன்று மாதத்துக்குள் புது விளக்கு வார்டுக்கு வந்துவிட்டது. அம்மாள் சொன்னபடியே ஆயிற்று. கர்த்தருக்கு ஸ்தோத்திரம், கொடுத்த உங்களுக்கு எங்கள் நன்றி.

வலி தணிப்பு வார்டுக்கு வெளியே, துணி உலர்த்துகிற இடமாயிருந்த நிலத்தைக் கொத்தி, நந்தியாவட்டையும் பவழமல்லியும் வைத்தோம். இரண்டும் இரவில் வெள்ளையாய்த் தெரிகிற பூக்கள். ஆறு விளக்குகள். அதிகமில்லை. பூச்சிகள் வந்து மொய்க்காதபடி மஞ்சள் வெளிச்சமாகவும், படுத்திருப்பவர் கண்ணில் கூசாதபடி தரையோடு தாழ்வாகவும் வைத்தோம். நாலு விளக்குகள் பாதையோரத்தில் இருக்கின்றன. மற்ற இரண்டையும் அங்கே ஏற்கெனவே நின்ற பழைய வேம்பின் அடியில் வைத்து, மேல்நோக்கித் திருப்பினோம். கியூவில் கற்றுக்கொண்ட பாடம் அது.

சில மாதங்களுக்கு முன் வாய்ப் புற்றுநோயோடு ஒரு பெரியவர் வந்தார். பனையேறிப் பிழைத்தவர். பேச முடியாது. பகலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். இருட்டினதும் ஜன்னல் திரையை விலக்கும்படி கையால் காட்டுவார். ஒரு விடியற்காலையில் அவர் முடிவு அமைதியாய் வந்தது. அவர்கள் நம்முடைய சபையைச் சேர்ந்தவர்களல்ல. ஜெபிக்கலாமா என்று கேட்டோம். அவர் மனைவி தலையசைத்தார். ஜெபம் முடிந்தபின் அந்த அம்மா சொன்னது இவ்வளவுதான்: "எங்க வீட்டு வாசல்லயும் ஒரு வேம்பு நிக்குது, ஐயா. ராத்திரி பூரா அதைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாக." போகும்போது மரத்தடியில் கிடந்த ஒரு கொத்து இலையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

இது எந்தக் கணக்கில் வரும் என்று பொருளாளரைக் கேட்டோம். "அச்சிட்டிருக்கிற அதே வரியில்தான்" என்றார்.

ஆகையால் உங்களிடம் ஒன்றை வேண்டிக்கொள்ளுகிறோம். மருந்துக்கென்று நீங்கள் கொடுக்கிற காணிக்கை மருந்துக்கே செலவாகும். அதில் ஒரு ரூபாயும் மாறாது. ஆனால் குணமாகிற நம்பிக்கையில்லாதவர்கள் படுத்திருக்கிற வார்டையும் நினைவில் வையுங்கள். அங்கே இரவு வேலைக்கு இன்னுமொரு நர்ஸ் வேண்டும். விளக்குகளுக்கு மின்சாரக் கட்டணம் மாதந்தோறும் கட்ட வேண்டும். சுகமானவர்களின் படங்களைப் போட்டு அனுப்பும் மடல்களில் இவர்களுடைய படங்கள் வருவதில்லை. ஆகவே இவர்களுக்காக யாரும் கேட்காமலே போகிறார்கள். இன்று நாங்கள் கேட்கிறோம்.

தோட்டம் முடிந்தவுடன் லண்டனிலிருக்கும் அந்த அம்மாளுக்குப் படங்களை அனுப்பவில்லை. அவரால் பார்க்க முடியாது. நர்சிங் சூப்பரின்டென்டென்ட் தொலைபேசியில் ஒவ்வொன்றாய் விவரித்தார். பூக்களைச் சொன்னார், விளக்குகளைச் சொன்னார், வேம்பைச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மழை பெஞ்சா தெரியுமா?"

நாங்கள் அதைப் பார்த்திருக்கவில்லை. அப்போது ஐப்பசி பிறந்திருந்தது. மூன்றாம் நாள் இரவு மழை பிடித்தது. வார்டுக்குள் போய், கடைசிக் கட்டிலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, படுத்திருப்பவர் கண் மட்டத்திலிருந்து ஜன்னல் வழியே பார்த்தோம். வேம்பின் அடியிலிருந்து ஏறுகிற வெளிச்சத்தில் மழை இழை இழையாய் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த இராத்திரியே லண்டனுக்குக் கூப்பிட்டு, "தெரியுது, அக்கா" என்று சொன்னோம்.

 நம்முடைய ஆண்டவருடைய கிருபை உங்கள் அனைவரோடுங்கூட இருப்பதாக. ஆமென்.